தண்ணீர் இல்லாத ஊருக்கென்று கட்டிய கோட்டை

“ஜெய்சல்மேர் போகிறோம், கோட்டைக்குள்ளேயே அறை எடுத்துவிடலாமா?” என்று யாராவது கேட்டால் என் பதில் ஒன்றுதான்: பகல் முழுக்கக் கோட்டையில் இருங்கள், இரவில் கீழே இறங்கி ஊருக்குள் தூங்குங்கள். கேட்பவர்களுக்கு இது வீண் கண்டிப்பாகப் படுகிறது. எட்டு நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும் கோட்டையில் ஒரு குடும்பம் இரண்டு நாள் தங்கினால் என்ன ஆகிவிடும்? அதற்குப் பதில் சொல்ல, அந்தக் குன்றின் மண்ணிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது ஜெய்சல்மேர் மாவட்டம். பரப்பு 38,401 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய கேரளம் முழுவதுக்கும் சமம். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி அத்தனை பெரிய நிலத்தில் வாழ்ந்தவர்கள் ஏழு லட்சத்துக்கும் குறைவு. சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் சுமார் 200 மில்லிமீட்டர்தான். அதுவும் சில வருடம் வரும், சில வருடம் வராது.

இந்த வறண்ட வெளியில் 1156-ல் ராவல் ஜெய்சல் என்ற ராஜபுத்திர அரசர் கோட்டை எழுப்பினார். அதற்கு முன் தலைநகரம் லோதுர்வா. இப்போதைய ஊருக்கு வடமேற்கே பதினைந்து கிலோமீட்டர் போல. சமவெளியில், வணிகர் கூட்டம் போகும் வழியில், காவலுக்கு ஒரு மேடும் இல்லாமல் இருந்த ஊர் அது, படையெடுப்புகளில் அடிபட்டுப்போயிருந்தது. அதனால் ஜெய்சல் திரிகூடம் என்ற குன்றைத் தேர்ந்தெடுத்தார். குன்றைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. கிருஷ்ணர் அர்ஜுனனோடு இங்கே வந்தபோது தாகம் தீர்க்கச் சக்கரத்தால் பாறையைப் பிளந்து ஊற்று எடுத்தாராம்; தன் குலத்தில் வருகிறவன் ஒருவன் இங்கே ஆள்வான் என்றும் சொன்னாராம். ஜெய்சலின் வம்சத்தார் தங்களை யது குலத்தவர் என்று சொல்லிக்கொள்பவர்கள், ஆகவே கதை அவர்களுக்குப் பொருந்திவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜெய்சலு கிணற்றோடு இந்தக் கதையை இணைத்துச் சொல்கிறார்கள். பாலைவனத்தில் ஓர் அரசன் தன் உரிமையை நிலைநாட்டத் தேவைப்பட்ட முதல் சான்று ஒரு கிணறு என்பதைக் கவனியுங்கள்.

கோட்டை சுமார் 460 மீட்டர் நீளம், 230 மீட்டர் அகலம். சுற்றியுள்ள தரையிலிருந்து 76 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறது. 99 கொத்தளங்கள், அவற்றில் 92 கொத்தளங்களை 1633-க்கும் 1647-க்கும் இடையில் கட்டினார்கள் அல்லது திருத்திக் கட்டினார்கள். மதிலின் மேல் விளிம்பில் உருண்டைக் கற்களை வரிசையாக அடுக்கியிருப்பதை இன்றும் பார்க்கலாம். ஏறி வரும் எதிரியின் தலையில் உருட்டிவிடுவதற்கு வைத்தவை. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கொத்தளங்கள், மணலில் பாதி புதைத்துவைத்த குதிர்களின் வரிசை போல இருக்கின்றன.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெரிய மதிலுக்குக் கீழே, குன்றின் சரிவைத் தழுவிக்கொண்டு இன்னொரு சுவர் ஓடுகிறது. அது எதிரியைத் தடுக்க எழுப்பிய சுவரில்லை, குன்றையே பிடித்து நிறுத்தக் கட்டிய தாங்குசுவர். அந்தக் காலத்துக் கொத்தர்களுக்கே தெரிந்திருக்கிறது, இந்தக் குன்று கருங்கல் குன்று இல்லை என்று.

ஜெய்சல்மேரின் கல் கடலிலும் ஆற்றுப் படுகையிலும் படிந்து உருவானது. ஜுராசிக் காலத்தில் இந்தப் பகுதி கடற்கரையாகவும் ஆழம் குறைந்த கடலாகவும் இருந்தது. ஊரிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில் அகல் என்ற இடத்தில் சுமார் 18 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 2023-ல் இதே மாவட்டத்தின் பாறைகளிலிருந்து 16.7 கோடி ஆண்டு பழைய டைனோசர் ஒன்றை அடையாளம் கண்டு, தார் பாலையின் பெயரால் ‘தாரோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். சூரியன் சாயும்போது ஊரையே பொன்னாக்கும் அந்த மஞ்சள் மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய நீரில் படிந்தவை. ஆனால் அதே நீர் கல்லோடு கல்லாகக் களிமண் அடுக்குகளையும் படியவிட்டுப் போயிருக்கிறது. குன்றுக்குள்ளே மணற்கல், களிக்கல், களிமண் என்று மாறி மாறி வருகின்றன. உலர்ந்திருக்கும்வரை இந்த அடுக்குகள் கெட்டியாக நிற்கும். நனைந்தால் களிமண் ஊதி, வழுக்கி, மேலே இருக்கும் பாரத்தைத் தாங்கும் வலுவை இழந்துவிடும்.

கட்டியவர்களுக்கு அது பெரிய கவலையாக இருந்திருக்காது. நனைக்கத் தண்ணீர் எங்கே இருந்தது? மதிலின் கற்களைச் சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கினார்கள். வீட்டுக் கூரைக்கு மர உத்திரம், அதன்மேல் நாணல் விரிப்பு, அதற்கும் மேல் கனமாக மண். அந்த மண் வெயிலை உள்ளே விடாது. எப்போதோ பெய்யும் மழை தேங்காமல் வெளியேற நான்கு பக்கமும் கல் வாய்க்கால்கள் வைத்தார்கள். ஆக, கல்லின் பொருத்தம், கூரையின் மண், வாய்க்காலின் அளவு என்று ஒவ்வொன்றும் இங்கே தண்ணீர் கொஞ்சம்தான் இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில் செய்தவை.

குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் கீழேயிருந்துதான் வந்தது. ஊரின் தென்கிழக்கே உள்ள கடிசர் ஏரியை பதினான்காம் நூற்றாண்டில் ராவல் கட்ஸி சீரமைத்தார். பெயரும் அவரிடமிருந்தே வந்தது. 1960கள் வரை ஊரின் முக்கிய நீர் ஆதாரம் இந்த மழைநீர் ஏரிதான். பெண்கள் குடங்களைத் தலையில் சுமந்து கோட்டைக்கு ஏற்றினார்கள். அப்படி ஏறும் தண்ணீரை யாரும் வீணாக்க மாட்டார்கள். ஒரு குடும்பம் ஒரு நாளைக்குப் புழங்கியது சில குடங்கள். ஏரிக்கரையில் நிற்கும் தோரண வாயிலுக்கு ‘தீலோன் கி போல்’ என்று பெயர். தீலோன் ஒரு கணிகை. அவள் கட்டும் வாயிலுக்குள் நுழைந்து தண்ணீர்க் கரைக்குப் போவது தன் மதிப்புக்குக் குறைவு என்று அரசர் தடுத்தாராம். அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து அவள் வாயிலைக் கட்டி முடித்து, உச்சியில் ஒரு கிருஷ்ணர் கோயிலையும் வைத்துவிட்டாள். கோயிலை யார் இடிப்பது? கதை உண்மையோ இல்லையோ, பாலைவனத்தில் கொடை என்றால் முதலில் நீர்நிலைக்குச் செய்வதுதான் என்பதை அது சொல்லிவிடுகிறது.

நீர் அறிவில் இந்தப் பகுதியின் பெரிய ஆசான்கள் பாலிவால் பிராமணர்கள். அவர்களின் முறைக்குக் ‘கடீன்’ என்று பெயர். பாறை மேட்டிலிருந்து வழியும் மழைநீரைத் தாழ்வான நிலத்தின் குறுக்கே நீண்ட மண்கரை போட்டு மறிப்பார்கள். நீர் நின்று மண்ணில் இறங்கும். பிறகு அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். 200 மில்லிமீட்டர் மழையில் கோதுமை! இன்று பயணிகள் போகும் குல்தரா, அந்த மக்கள் விட்டுச்சென்ற ஊர்களில் ஒன்று. திவான் சாலிம் சிங்கின் கொடுமை தாங்காமல் எண்பத்து நான்கு ஊர் மக்களும் ஒரே இரவில் வெளியேறிச் சாபமிட்டுப் போனார்கள் என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. நீர் குறைந்தது, வரிச் சுமை, நிலநடுக்கம் என்று ஆய்வாளர்கள் வேறு காரணங்களை முன்வைக்கிறார்கள். குல்தராவைப் பேய் ஊராக விற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நீர்ப் பொறியியலில் தேர்ந்த ஒரு சமூகத்தின் ஊர் அது. போகிறவர்கள் தெருக்களின் நேர்த்தியையும் சுற்றியுள்ள நிலத்தின் சாய்வையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

இவ்வளவு வறண்ட ஊருக்கு அத்தனை செல்வம் எப்படி வந்தது? இந்தியாவின் உள்நாட்டையும் சிந்துவையும் அதற்கப்பால் மேற்காசியாவையும் இணைத்த ஒட்டகப் பாதை இந்தக் குன்றின் அடியில் போனது. கடந்துபோகும் சரக்குக்குச் சுங்கம், வணிகருக்குக் கடன், ஒட்டகத்துக்கு நீர், இவைதான் வருமானம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய இந்தியாவின் மால்வாவில் விளைந்த அபினி, பாலி, ஜெய்சல்மேர் ஆகிய ஊர்களின் வழியாகக் கராச்சி போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தின் பணம்தான் இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் ஹவேலிகள் என்ற வணிகர் மாளிகைகள். குமான்சந்த் பட்வா 1805-ல் தொடங்கிய ஐந்து வீடுகளின் தொகுப்பான பட்வா ஹவேலி முடிய ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஆனது. முகப்பில் கை வைக்க இடமில்லாமல் செதுக்கியிருக்கிறார்கள். அந்தச் செதுக்கல் அழகுக்கு மட்டும் இல்லை என்பதை நடுப்பகலில் தெருவில் நின்று பார்த்தால் புரியும். முன்னால் நீட்டிய ஜரோக்கா என்ற மாடச் சாளரங்களும், கல்லில் துளையிட்ட ஜாலி என்ற சல்லடைத் திரைகளும், மேடு பள்ளமான பூவேலையும் சுவர் தன்மேல் தானே நிழல் போட்டுக்கொள்ள வழி செய்கின்றன. காற்று நுழையும், வெயில் நுழையாது.

பிறகு கடல்வழி வணிகமும் பம்பாய்த் துறைமுகமும் எழுந்தன. 1843-ல் பிரிட்டிஷார் சிந்துவைப் பிடித்ததும் அபினிப் பாதை அடைபட்டது. ஜோத்பூரிலிருந்து சிந்து நோக்கி ரயில் பாதை போட்டபோது அது பார்மேர் வழியாகப் போனது, ஜெய்சல்மேர் ஒதுங்கிக்கொண்டது. 1947-ல் எல்லைக்கோடு விழுந்ததும் மேற்கே போகும் பாதை முழுக்க மூடியது. வணிகக் குடும்பங்கள் வேறு நகரங்களுக்குப் போய்விட்டன. 1965, 1971 போர்கள்தான் ஒரு வகையில் ஊரை மீண்டும் நாட்டோடு இணைத்தன. எல்லை ஊருக்குச் சாலையும் மின்சாரமும் தேவை என்று அரசு உணர்ந்தது. 1968-ல் ரயில் வந்து சேர்ந்தது. 1974-ல் சத்யஜித் ரே ‘சோனார் கேல்லா’ படத்தை இங்கே எடுத்த பிறகு வங்காளத்துப் பயணிகள் ‘பொற்கோட்டை’யைத் தேடி வரத் தொடங்கினார்கள். இன்றும் வருகிறார்கள். 1979 முதல் குளிர்காலத்தில் பாலைவனத் திருவிழா நடக்கிறது. ஒட்டகப் பாதை போனதால் ஏழையான ஊருக்குப் பயணிகள் ஒரு புதிய பாதையைத் திறந்தார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஜெய்சல்மேர் வெறும் சின்னமாக நிற்கும் கோட்டை இல்லை. மூவாயிரத்திலிருந்து நாலாயிரம் பேர் இன்றும் உள்ளே வாழ்கிறார்கள், பல தலைமுறையாக அதே வீடுகளில். அவர்கள் வீடுகளில் குழாய் வந்தது. 1980களின் கடைசியில் பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து கிளம்பும் இந்திரா காந்தி கால்வாயின் நீர் இந்த மாவட்டத்தை எட்டியது. குடம் சுமந்த பெண்களுக்கு அது பெரும் விடுதலை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. அதே காலத்தில் வீடுகள் விருந்தினர் விடுதிகளாக மாறின. அறைக்கு ஒரு குளியலறை, பீச்சித் தள்ளும் கழிப்பறை, நாள்தோறும் துவைக்கும் படுக்கை விரிப்பு. வருகிறவர் மணலில் சுற்றிவிட்டு வந்து காலையும் மாலையும் குளிப்பார். சில குடங்களுக்கு என்று அமைந்த குன்றின் மேல் தண்ணீர் ஓடத் தொடங்கியது. குழாய்களிலும் சாக்கடையிலும் கசிந்தது கற்களுக்கு இடையே இறங்கி, அந்தக் களிமண் அடுக்கைத் தேடிப் போனது.

களிமண் ஊதியதும் அடித்தளம் நகர்கிறது. சாந்து இல்லாத சுவர், ஒரு கல் நகர்ந்தால் பக்கத்துக் கல்லையும் தளர்த்திவிடும். தாங்குசுவருக்குப் பின்னால் நீர் தேங்கினால் அதன் அழுத்தமே சுவரை வெளியே தள்ளும். 1998-ல் வெளிச்சுவர் ஒன்று சரிந்து ஆறு பேர் உயிரிழந்தார்கள். அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் பழைய கொத்தளங்கள் சிலவும் சரிந்தன. நியூயார்க்கிலுள்ள வேர்ல்டு மான்யுமெண்ட்ஸ் ஃபண்டு 1996-லேயே இந்தக் கோட்டையை ஆபத்திலிருக்கும் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 1998, 2000 பட்டியல்களிலும் பெயர் இருந்தது. அதே 1996-ல் பிரிட்டனில் ‘ஜெய்சல்மேர் இன் ஜெப்பர்டி’ என்ற அறக்கட்டளை தொடங்கி, வீடுகளையும் அரண்மனைப் பகுதிகளையும் சீரமைக்க நிதி திரட்டியது. ராணி மகாலை மீட்டெடுத்தார்கள், சாக்கடைக் குழாய்களை மாற்றினார்கள். 2013-ல் சித்தோர்கட், கும்பல்கட், ரந்தம்போர், காக்ரோன், ஆமேர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனாலும் 2024 ஆகஸ்டில் கனமழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்தது.

மழையும் முன்போல் இல்லை. பக்கத்துப் பார்மேர் மாவட்டத்தில் 2006 ஆகஸ்டில் பெய்த மழையில் கவாஸ் என்ற பாலைவன ஊர் மூழ்கியது. மண்ணுக்கடியில் ஜிப்சம் படலம் இருந்ததால் தண்ணீர் வடியவே இல்லை. அப்படி ஒரு மழை ஜெய்சல்மேர் குன்றின் மேல் பெய்தால் அந்த மண் கூரைகள் என்ன பாரம் தாங்க வேண்டியிருக்கும்? ஒழுகும் கூரைக்கு மேல் இன்னொரு அடுக்கு மண் போட்டு மூடுவது பழைய வழக்கம். நனைந்த மண் கல்லைப் போலக் கனக்கும்.

“அப்படியானால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். மதில் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது, வீடுகள் மக்களுடையவை. ஒரு வீட்டின் சுவரும் கோட்டையின் சுவரும் ஒன்றாகவே இருக்கும் இடங்கள் உண்டு. மக்கள் இல்லாமல் போனால் லட்சுமிநாத் கோயிலின் மணியும் தெருத் திண்ணையின் பேச்சும் போய்விடும். எஞ்சுவது இன்னொரு வெற்றுக் கோட்டை. அவர்கள் பிழைக்க வேண்டும், குன்றும் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் பயணியால் செய்ய முடிந்தது ஒன்றுதான். பணத்தை மேலே செலவழிக்கலாம், தண்ணீரைக் கீழே செலவழிக்கலாம். கோட்டைக்குள் சாப்பிடுங்கள், துணி வாங்குங்கள், உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். குளியலையும் தூக்கத்தையும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். கீழ் ஊரின் மொட்டைமாடியிலிருந்துதான் கோட்டை முழுதாகத் தெரியும் என்பது கூடுதல் லாபம்.

போக ஏற்ற காலம் அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. டிசம்பர், ஜனவரி இரவுகளுக்குக் கம்பளி வேண்டும். மே மாதம் வெயில் 45 பாகையைத் தொடும். ஜோத்பூரிலிருந்து ரயிலில் ஐந்தாறு மணி நேரம். கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, அரண்மனை அருங்காட்சியகத்துக்கு உண்டு. அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்று நான்கு வாயில்களைத் தாண்டி வளைந்து வளைந்து ஏற வேண்டும். கடைசி வாயிலைத் தாண்டியதும் தசரா சவுக் என்ற முற்றம் விரிகிறது. ஆட்டோவை விட்டுவிட்டு நடந்தே ஏறுங்கள். பாதையின் கல் எத்தனை நூற்றாண்டுக் காலடிகளால் வழவழத்திருக்கிறது என்பது காலுக்குத் தெரிய வேண்டும்.

சமணக் கோயில்களை மதியத்துக்கு முன்பே பார்த்துவிட வேண்டும், தோல் பொருள்களை வெளியே விட்டுவிட்டு. ஒன்றோடொன்று இணைந்த ஏழு கோயில்கள். அவற்றின் அடியில் ‘ஞான பண்டார்’ என்ற சுவடி நூலகம். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஓலைச் சுவடிகளெல்லாம் இங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன. வறண்ட காற்று காத்துக்கொடுத்த செல்வம் அது. ஈரம் இந்தக் குன்றுக்குள் நுழைவது ஏன் பதற வைக்கிறது என்பதை அந்த அறை வாசலில் நின்றால் உணரலாம்.

மணல்மேடு பார்க்க எல்லோரும் போவது 40 கிலோமீட்டரில் உள்ள ‘சம்’ என்ற ஊருக்கு. கூடாரங்கள், ஒலிபெருக்கி, மணலில் சீறும் ஜீப் என்று சத்தம் மிகுந்த இடம். எனக்குத் தென்மேற்கிலுள்ள ‘குரி’ என்ற ஊர் பிடிக்கும். ஒட்டகத்தின் மணியோசை கேட்கும் அளவுக்கு அமைதி மிச்சமிருக்கிறது. இந்தப் பக்கம்தான் பாலைவன தேசியப் பூங்காவும். கானமயில் என்று நாம் சொல்லும் பெரும்பறவை ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. இன்று நாட்டில் எஞ்சியிருக்கும் சொற்பப் பறவைகளில் பெரும்பாலானவை இந்த மாவட்டத்தில்தான். மின்கம்பிகளில் மோதியே பல செத்துவிடுகின்றன.

சாப்பாட்டில் ‘கேர் சாங்ரி’ என்ற கறியைத் தவறவிடாதீர்கள். கேர் என்பது பாலைவனப் புதரின் சிறு காய். சாங்ரி என்பது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியின் காய். பஞ்ச காலத்துக்காக உலர்த்திவைத்த பண்டம் இன்று விருந்தில் பரிமாறப்படுகிறது. மாலையில் மாங்கணியார் பாடகர்கள் பாடக் கிடைத்தால் உட்கார்ந்து கேளுங்கள். இஸ்லாமியர்களான அவர்கள் தலைமுறை தலைமுறையாக ராஜபுத்திரக் குடும்பங்களின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடிவருகிறார்கள். அவர்கள் வாயில் வைத்து மீட்டும் மோர்சங், நம் கச்சேரி மேடையின் மோர்சிங்தான்.

விடியற்காலையில் ஒருமுறை கடிசர் கரைக்குப் போய் உட்காருங்கள். நீருக்குள் நிற்கும் மண்டபங்களின் மேல் முதல் வெளிச்சம் விழும். திரும்பிப் பார்த்தால் கோட்டை மெல்ல மஞ்சளாகும். மழையை மட்டும் நம்பியிருந்த அந்த ஏரி கோடையில் வற்றும், மழை வந்தால் ஊரே கரைக்கு வந்து பார்க்கும் என்று முதியவர்கள் சொல்வார்கள். இப்போது கால்வாய் நீர் வருவதால் அது எந்த மாதத்திலும் வற்றுவதில்லை.